காட்டுக்கு யார் தீ வைக்கிறார்கள்? முதுமலை, சத்தி, பந்திப்பூர் பக்கத்துக் கேள்வி ஒன்றும் அதன் பின்னால் வந்தவையும்

கேள்வி, 12 பிப்ரவரி 2025

அண்ணா, வருசம் தவறாம மாசி பிறந்தா காடு எரியுது. இதுல புரியாத விசயம் ஒண்ணும் இல்லைங்க. மாடு மேய்க்கறவங்களும் மலையில இருக்கறவங்களும் வைக்கற தீதான். இப்ப சாட்டிலைட்டுல எங்க தீப்பிடிச்சாலும் தெரிஞ்சுபோகுது. நாலு பேரைப் பிடிச்சு உள்ள வச்சா அடுத்த வருசம் எவனாவது குச்சியை உரசுவானா? அதை ஏன் செய்ய மாட்டேங்கறாங்க?

12 பிப்ரவரி, இரவு

பாதி சரி, தம்பி. நம் பக்கத்து இலையுதிர் காட்டில் மாசி, பங்குனியில் தானாகத் தீப்பிடிப்பது அநேகமாக இல்லை. மின்னல் கோடை மழையோடுதான் வரும், மழை வந்தால் தீ அணைந்துவிடும். எல்லாம் மனிதக் கைதான். ஆனால் ஒரு கை இல்லை.

மாட்டுக்காரர் புதுப்புல்லுக்கு வைப்பார். பழைய புல் ஆளுயரம் நின்று மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டால் மாடு வாய் வைக்காது. எரித்தால் ஒரு மழைக்குப் பச்சை வரும். சீமாறுக்கு ஈஞ்சை (சிற்றீச்சை) அறுப்பவர் புதுக்குருத்துக்காக வைப்பதுண்டு. மான் கொம்பு பொறுக்குகிறவருக்குச் சருகு எரிந்தால் விழுந்து கிடக்கும் கொம்பு கண்ணில் படும். ஊரையொட்டி நடைபாதை வைத்திருப்பவர் யானை நிற்பது தெரிய வேண்டும் என்று புதரைக் கொளுத்துவார். பட்டா நிலத்தில் வரப்பு எரித்த தீ வேலி தாண்டிப் போகும். தார்ச்சாலையில் பீடித்துண்டு, சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு. மாட்டைப் புலி அடித்து இழப்பீடு வராமல் அலைந்தவர், வாட்சர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், வழக்குப் போடப்பட்டவர் ஆகியோரின் கோபத்தீ தனி.

இத்தனை பேருக்கும் காரணம் வேறு, வைக்கும் மாதம் வேறு, நேரம் வேறு. 'வைத்தவர்கள்' என்று ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டினால் எந்தத் தீயை எப்படி நிறுத்துவது என்பது கடைசிவரை தெரியாது.

13 பிப்ரவரி

சாட்டிலைட்டைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு வகைக் கருவிகளின் தகவலை வைத்து எச்சரிக்கை அனுப்புகிறது. மோடிஸ் கருவியின் ஒரு புள்ளி 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். விர்ஸ் கருவியின் புள்ளி 375 மீட்டர், ஏறக்குறைய 14 ஹெக்டேர். அந்த 14 ஹெக்டேருக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்பதுதான் செய்தி. யார், எந்த மூலையில், எத்தனை மணிக்கு என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. விர்ஸ் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை, பின்னிரவு ஒன்றரை வாக்கில் ஒருமுறை கடக்கும். மாலை நான்கு மணிக்கு வைத்து எட்டு மணிக்குள் அணைந்த சருகுத்தீ அதன் கணக்கில் வரவே வராது.

மர நிழலுக்குக் கீழே முழங்கால் உயரத்தில் ஊர்ந்துபோகும் தீயும் பல நேரம் தப்பிவிடும். காட்டு ஓரத்தில் கரும்புத்தோகை எரிப்பது மட்டும் தெளிவாக விழும். ஆக, 'இந்த வருடம் இத்தனை தீப்புள்ளி' என்று செய்தித்தாளில் வரும் எண், எரிந்த பரப்பும் இல்லை, குற்ற எண்ணிக்கையும் இல்லை. ஒரே தீ இரண்டு நாள் நகர்ந்தால் பத்துப் புள்ளி காட்டும்.

ஆனாலும் அந்த எச்சரிக்கை வேண்டும். கைபேசிக்கே வரும், யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். பீட் கார்டு (அந்தப் பகுதி வனக்காவலர்) போய்ப் பார்க்க வேண்டிய திசையாவது தெரிகிறது.

13 பிப்ரவரி, சற்றுப் பிறகு

மூங்கில் உரசி நெருப்பு வரும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதை நீ கேட்பாய் என்று தெரியும். காற்றில் உரசும் மூங்கில் முனகும், தோல் தேயும். அதிலிருந்து காடு பற்றியதாகக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த கணக்கு எதுவும் நம் மலையில் இல்லை. மூங்கில் தீக்குக் காரணமாவது வேறு வழியில்: பூத்தபின் மொத்தக் குத்தும் செத்து நிற்கும். அந்தக் காய்ந்த குத்தில் தீ ஏறினால் கணுக்கள் வெடித்துப் பொறி பறக்கும், தீ தாண்டாதபடி புல் சீவிவைத்த பட்டையையும் தாண்டிப் போய் விழும்.

17 பிப்ரவரி

'உள்ளே வை' என்கிறாய். அதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1882ல் சென்னை மாகாண வனச்சட்டம் வந்தது. காப்புக்காட்டில் தீ வைப்பது அன்றிலிருந்தே குற்றம். தேக்கும் வேங்கையும் ரயில்வேக்கும் கப்பலுக்கும் வேண்டியிருந்தன. தீ என்றால் சர்க்கார் மரத்துக்கு நட்டம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் கண். 143 வருடமாக அது நடப்பில் இருக்கிறது, தீயும் நடப்பில் இருக்கிறது.

சட்டம் செய்த வேலை ஒன்று உண்டு. தை மாதம் வைத்திருந்தால் கட்டுக்குள் நின்றிருக்கும் தீயை யாரும் பகிரங்கமாக வைப்பதில்லை. வைக்கிறவர் பயந்துகொண்டு, உச்சிக் காய்ச்சலில், மத்தியானம், காட்டின் நடுவில், ஒரே இடத்தில் பற்றவைத்துவிட்டு ஓடிவிடுகிறார். பக்கத்தில் நின்று பார்த்து அணைக்க வழியில்லை, நின்றால் கேஸ். இன்னொன்று, தீயை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கும் ஆள். அவர் போன் பண்ணினால் முதல் கேள்வி 'நீ உள்ளே என்ன பண்ணினே?' என்று வரும். அதனால் பண்ணுவதில்லை. முதல் அரை மணி நேரத்தில் இரண்டு பேர் பச்சைக்குழையால் அடித்து முடிக்கிற தீ, புகை மேலே வந்து வாட்ச் டவரில் தெரியும்போது முப்பது பேருக்கு வேலையாகிறது.

21 பிப்ரவரி

கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் வாழும் பழங்குடியினரான சோளகர்கள், கட்டுக்குள் நிற்கும் இந்தத் தீயை எப்படி வைத்தார்கள் என்று விவரமாகச் சொல்கிறேன். 'தரகு பெங்கி' என்பார்கள். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு.

நேரம் ஜனவரி. மரம் இலை கொட்டத் தொடங்கியிருக்கும், கொட்டி முடித்திருக்காது. மேலாகக் கிடக்கும் சருகு காய்ந்திருக்கும், அடியில் ஈரம். புல்லின் அடித்தண்டு பச்சை. ஒரு பிடிச் சருகை உள்ளங்கையில் நசுக்கினால் பொடியாக வேண்டும், ஆனால் அதற்கு அடியில் கிடக்கும் சருகு மடங்க வேண்டும், உடையக் கூடாது. அந்த நிலையில் வைத்தால் தீ கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் நகரும். இராத்திரிப் பனி இறங்கினால் தானே படுத்துவிடும். ஒரே நாளில் மலை முழுக்க வைப்பதில்லை. இன்று ஒரு துண்டு, நான்கு நாள் கழித்து இன்னொன்று. மார்ச் வரும்போது காடு எரிந்ததும் எரியாததுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். அப்போது எவர் பீடியைப் போட்டாலும் தீ அடுத்த கருப்புக் கட்டத்தில் போய் நின்றுவிடும்.

இதில் அவர்களுக்கு வருமானமும் உண்டு. நெல்லிக்காய் பொறுக்க அடி சுத்தமாக இருக்கும். நெல்லி மரத்தில் ஏறும் புல்லுருவி தீச்சூட்டில் சாகும் என்பார்கள். உண்ணிச்செடி (லண்டானா) முளையிலேயே கருகும் என்பார்கள். 1974ல் அந்த மலை சரணாலயமானது. எரிப்பு நின்றது. ஊர்கள் சாலையோரக் குடியிருப்புகளுக்கு வந்தன. 2000க்குப் பிறகு சில ஆண்டுகளில் விற்பனைக்குக் காய் எடுப்பதும் தடையானது. 1997க்கும் 2008க்கும் நடுவே அந்த மலையில் ஒரே இடங்களைத் திரும்ப அளந்த ஆய்வில் உண்ணி பரவிய இடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. பிறகு வன உரிமைச் சட்டப்படி 2011ல் அங்கே சமூக உரிமைகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் இன்று உண்ணி இருக்கும் காட்டில் பழைய தரகு பெங்கி நடக்காது. தீ முழங்காலில் நிற்காது, தலைக்கு மேலே போகும். எரித்தவர்களே இதைச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்டவர், 22 பிப்ரவரி

அப்ப தீயைத் தடுத்ததுதான் தப்புங்கறீங்களா அண்ணா? எரிக்க விட்டிருந்தா இன்னைக்கு இந்தப் பிரச்சினையே இல்லைன்னு அர்த்தமா?

23 பிப்ரவரி

இல்லை. நான் எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தொனித்தது. இப்படி நிறுத்தினால் தவறாகிவிடும்.

முதுமலையில் பழைய வனத்துறைப் பதிவுகளையும் பிந்தைய தீ வரைபடங்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 1909 முதல் 1921 வரை ஒரே இடம் திரும்ப எரிய சராசரி 10 ஆண்டு. 1989 முதல் 2002 வரை 3.3 ஆண்டு. அதாவது தீ குறையவில்லை, மூன்று மடங்காகியிருக்கிறது. தடுத்ததால் சருகு சேர்ந்து ஒருநாள் வெடித்தது என்ற கதை அமெரிக்காவின் பைன் காட்டுக்குப் பொருந்தலாம். நம் இலையுதிர் காட்டில் ஒரு வருடச் சருகும் புல்லுமே போதும். கீழே விழுந்த சருகை மழையும் கறையானும் அந்த வருடமே பெரும்பாலும் தின்றுவிடும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரிந்தால் விதையிலிருந்து வந்த கன்று தீக்கு மேலே தலை நீட்ட நேரமே கிடைப்பதில்லை. பெரிய மரம் நிற்கும், அடுத்த தலைமுறை இருக்காது. தடித்த பட்டையுள்ள கருமருது, வேங்கை, தேக்கு தாக்குப்பிடிக்கும். ஆற்றோரத்து மெல்லிய பட்டை மரங்கள் போகும்.

ஆகவே 'எரிக்கணுமா, வேண்டாமா' என்று கேட்பது உதவாது. எந்த மாதம், எந்தச் செடிமேல், எத்தனை வருட இடைவெளியில், பக்கத்தில் யார் நிற்க என்று கேட்டால்தான் வேலைக்கு ஆகும். பிலிகிரியின் ஈரமான பக்கத்தில் சரியாக வருவது சீகூர் முள்காட்டில் சரியாக வராது.

1 மார்ச்

உண்ணிச்செடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்கென்று வந்தது. புலி வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் இடத்தில் அது இருக்கிறது என்று 2020ல் வந்த ஆய்வு சொல்கிறது. தீக்கு அது ஏணி. தரையில் புல் உயரத்தில் போகும் தீ, உண்ணிப்புதரில் ஏறி மூன்று நான்கு மீட்டரில் மரக்கிளையைத் தொடும். மேலே செத்த குச்சி, உள்ளே காற்றோட்டம், பச்சை இலையிலும் எண்ணெய்ப்பசை. எரிந்தபின் அடிவேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பறவை எச்சத்தில் வந்த விதையும் முளைக்கும். வெளிச்சம் கிடைத்ததில் முன்னைவிட அடர்த்தியாக வரும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் போனதே, விமானப்படை எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்றியதே, அங்கேயும் உண்ணி மண்டிக் கிடந்தது. ஆள் உள்ளே நுழைந்து அடிக்க வழியில்லாத தீ அது.

வெட்டினால் போகாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழு வகுத்த முறைதான் செலவும் குறைவு, பலனும் நிற்கிறது: மழைக்கு முன், காய் பிடிப்பதற்கு முன், தரைக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே மூலவேரைக் கடப்பாரையால் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடிக்கும், அதனால்தான் தலைகீழ். மண்ணைக் கொத்திப் புரட்டக் கூடாது, புரட்டினால் விதை முளைக்கும். ஜேசிபி விட்டு எடுத்த இடமெல்லாம் இரண்டே வருடத்தில் பழையபடி ஆனது இதனால்தான்.

எடுத்தபின் அந்த இடத்தில் நாட்டுப்புல் வர வேண்டும், மூன்று வருடம் திரும்பத் திரும்பக் கன்று பிடுங்க வேண்டும். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் விடப்படுகிறது. பணம் வீணாகப் போகிற இடம் அதுதான்.

குச்சிக்கு விலை இருந்தால் ஆள் உள்ளே போவார். மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் உண்ணிக்குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலி செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் அசல் அளவில் யானையே செய்து வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு அந்நிய மரமான மஞ்சக்கொன்னைக்குத் தமிழ்நாடு காகித ஆலை வந்தது. ஆனால் நாற்காலிக்கு விரல் தடிமன் குச்சிதான் எடுப்பார்கள். பரப்பை வைத்துப் பார்த்தால் ஓரம்கூட வராது. அது கூலி வருமானத்துக்கு வழி, காட்டைச் சுத்தம் செய்யும் வழி என்று எண்ணினால் ஏமாற்றம்.

6 மார்ச்

தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி காட்டுக்குள் புல் நீக்கிய பட்டை. இதில் நிதியாண்டு செய்யும் கேடு வெளியே பலருக்குத் தெரியாது.

வேலை இப்படி: டிசம்பரில் கோட்டின் இரண்டு ஓரமும் புல் அறுத்துத் தரை தெரியச் சீவ வேண்டும். நடுவில் உள்ளதை வெட்டிப் போட்டு இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும். ஜனவரியில் காலைப் பனி வற்றியபின் அல்லது சாயங்காலம், காற்று இல்லாதபோது, நடுவில் உள்ளதை மட்டும் எரிக்க வேண்டும். அப்போது இருபுறமும் காடு பாதிப் பச்சை, தாண்டாது. அகலம் 3 மீட்டர், 6 மீட்டர், மாநில எல்லையில் இன்னும் அதிகம். நிற்கும் புல்லின் உயரத்தைவிட நன்கு அதிகமாக வேண்டும். இரண்டு மீட்டர் உயரப் புல் நிற்கும் சரிவில் மூன்று மீட்டர்க் கோடு எழுத்துக்குத்தான்.

நடப்பது என்ன? மத்திய அரசின் காட்டுத்தீத் தடுப்புத் திட்டம் 2017-18ல் வந்தது. 60 பங்கு மத்திய அரசு, 40 மாநிலம். பணம் படிப்படியாக இறங்கி ரேஞ்ச் அலுவலகம் வருவதற்குள் பொங்கல் தாண்டிவிடுகிறது. அறுப்பு பிப்ரவரியில். எரிப்பு பிப்ரவரிக் கடைசியில். அப்போது காடு இருபுறமும் சருகு. கோட்டை எரிக்க வைத்த தீயே கோட்டைத் தாண்டிப் போகும். அந்தத் தீயையும் 'மர்ம நபர்கள்' கணக்கில்தான் எழுதுகிறார்கள்.

தீ உச்சத்தில் இருக்கும்போது மார்ச் 31. பழைய கணக்கு மூடியாச்சு, புதிய ஒதுக்கீடு வரவில்லை. தீக்காப்பாளர் என்று மூன்று மாதத்துக்கு எடுத்த ஆளுக்கு ஏப்ரலில் கூலி யார் தருவது என்று யாருக்கும் தெரியாது. அவர் பெரும்பாலும் அதே மலை ஊர்க்காரர். சம்பளம் வராத ஆளை நள்ளிரவில் எழுப்பித் தீக்கு முன்னால் நிறுத்துகிறோம். டார்ச் அவருடையது, செருப்பு அவருடையது.

6 மார்ச், பின்குறிப்பு

அணைத்தபின் விட்டுவிட்டு வரும் இடம்தான் மறுநாள் எரியும். யானைச் சாணி மணிக்கணக்கில் உள்ளே கனியும், வெளியே சாம்பல் பூத்துத் தெரியாது. பட்டமரம் உள்ளே குடைந்து எரிந்து மறுநாள் மதியம் கோட்டின் குறுக்கே விழும். சரிவில் கட்டை உருண்டு கீழே புதுத்தீ வைக்கும். ஓரத்திலிருந்து இருபது மீட்டர் உள்ளே வரை கையின் பின்புறத்தைத் தரைக்கு அருகில் வைத்துச் சூடு பார்த்து, மண்ணைக் கிளறி மூடிவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். ப்ளோவர் கருவி வந்தபின் இந்த வேலை குறைந்துவிட்டது. சருகை வேகமாகத் தள்ளுகிறது, தீயை நிறுத்துகிறது, ஆனால் கனியும் சாணியை யாரும் தேடுவதில்லை.

11 மார்ச்

குரங்கணிக் காட்டுத்தீ நடந்து இன்று ஏழு வருடம். 2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணத்துக்குள் போகவில்லை. தரையைப் பற்றி மட்டும்: சரிவு 10 டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 30 டிகிரிச் சரிவில் ஆளுயரப் புல்லில் தீ ஏறும்போது மேல்நோக்கி ஓடி ஜெயிக்க முடியாது. பள்ளவாய்க்கால் இன்னும் மோசம், புகைபோக்கி மாதிரி இழுக்கும். பக்கவாட்டில் பாறைக்கோ ஏற்கனவே எரிந்த கருப்புத் தரைக்கோ போவது ஒன்றே வழி.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எரிப்பு மறைவாக நடக்கும் மலையில், இன்று எந்தச் சரிவில் தீ வைக்கப்போகிறார்கள் என்பது எஸ்டேட்டுக்கும் தெரியாது, வழிப்போக்கருக்கும் தெரியாது. பகிரங்கமாகத் தேதி சொல்லி எரிக்கும் ஊரில் அந்தப் பாதையை ஒரு கயிறு கட்டி அடைத்துவிடலாம்.

15 மார்ச்

சம்பாத்தியம் தீயை எப்படி வைக்கச் சொல்கிறது என்பதற்கு இங்கிருப்பதைவிடத் தெளிவான கணக்கு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசாவில் இருக்கிறது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பெண்கள் மடியில் முறம் வைத்துச் சுற்றும் பீடியின் இலை அங்கிருந்துதான் வருகிறது.

முதிர்ந்த இலை பீடிக்கு ஆகாது. விறைக்கும், மடித்தால் உடையும். வெட்டுப்பட்டோ எரிந்தோ அடியிலிருந்து துளிர்க்கும் புது இலைதான் தோல் மாதிரி வளையும். அதற்கு இரண்டு வழி. பிப்ரவரி, மார்ச்சில் செடியைத் தரையோடு கவாத்து செய்வது ஒன்று. சுமார் 45 நாளில் இலை பறிக்கலாம். மற்றது தீக்குச்சி. இதுவும் புது இலை தரும், கூலி இல்லை, ஒரு ஆள் ஒரு மத்தியானத்தில் ஒரு குன்றையே முடித்துவிடுவார்.

பறிக்கும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? 50 இலை ஒரு கட்டு, 1,000 கட்டு ஒரு நிலை மூட்டை. சத்தீஸ்கரில் மூட்டைக்கு 4,000 ரூபாயாக இருந்ததை 2024ல் 5,500 ஆக்கினார்கள். 50,000 இலைக்கு 5,500. ஓர் இலைக்கு 11 பைசா. விடியலில் பறித்து, மத்தியானம் அடுக்கி, நார் கட்டி, சாயங்காலம் மையத்தில் போடும் 11 பைசாவில் கவாத்துக்கூலியையும் அந்தக் குடும்பமே போட வேண்டும் என்றால் தீக்குச்சிதான் வரும். கவாத்துக்கூலியை முன்கூட்டியே கொடுத்தால் தீ குறையும். இலைக் காலம் சில வாரம்தான். ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரருக்கு அடுத்த வருடம் அதே காடு கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால் செடியின் நலம் அவர் கணக்கில் வருவதில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இது மாறியது. மேண்டா லேகா என்ற ஊருக்கு 2009ல் சுமார் 1,800 ஹெக்டேருக்குச் சமூக உரிமை கிடைத்தது. பிறகு அந்த மாவட்டத்தில் பல கிராமசபைகள் பீடி இலையைத் தாங்களே ஏலம் விடத் தொடங்கின. இலையின் முழு விலை ஊருக்கு வரும் என்றானபின் தீ வைக்கக் கூடாது, கிளையை ஒடிக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டது. எரிந்த இலையில் கருக்கு விழும், வாங்குபவர் விலை குறைப்பார் என்ற கணக்கும் அதில் உண்டு.

16 மார்ச்

இலுப்பைப்பூவும் அப்படித்தான். மத்திய இந்தியாவில் மார்ச், ஏப்ரலில் பூ விடியற்காலையில் உதிரும். சருகுக்குள் விழுந்த பூவைத் தேடிப் பொறுக்க முடியாது, அதனால் மரத்தடியை எரித்துக் கறுப்புத் தரையாக்குவார்கள். கறுப்பில் வெளிர்மஞ்சள் பூ பளிச்சென்று தெரியும். தீ மரத்தடியில் நிற்பதில்லை. எரிப்பதற்கு முன் வட்டமாக இரண்டு மீட்டர் கூட்டிவிட்டால் நிற்கும். அந்தப் பத்து நிமிட வேலையைச் சொல்லிக்கொடுத்த இடங்களில் கேட்டிருக்கிறார்கள். மரத்தடியில் வலை கட்டினால் தீயே வேண்டாம், மண் ஒட்டாத பூவுக்கு விலையும் கூட. வலைக்கு முதல் போடுவது யார் என்பதில்தான் நின்றுவிடுகிறது.

கேள்வி கேட்டவர், 20 மார்ச்

மேய்ச்சலைப் பத்தி முதல் நாள் ஒரு வரி சொன்னதோட சரிங்க. 2022ல கோர்ட்டு தடை போட்டதே, அதுக்கப்புறம் தீ குறைஞ்சிருக்கணுமே?

21 மார்ச்

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதுக்கும் மேய்ச்சல் தடை என்றது. சில நாளில் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும் என்று திருத்தியது.

தீ குறையும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, கூடும் என்று சொல்லவும் இல்லை. இரண்டு பக்கமும் இழுக்கிறது. மாடு புல்லைத் தின்றால் எரிய மிச்சம் குறைவு. பர்கூர் மலையில் பட்டி போட்ட இடத்தைச் சுற்றி மார்ச்சில் தரை தேய்ந்து கிடக்கும், தீ அங்கே நடக்காது. பட்டிக்காரர் காட்டிலேயே படுத்திருக்கிறார், தன் மாடு கருகும் என்பதால் தீயை முதலில் அடிக்கிறவரும் அவரே. மறுபக்கம், புதுப்புல்லுக்கு வைக்கிறவரும் அவர்களில் ஒருவர். மாடு புல்லை மட்டும் தின்று உண்ணியை விடுகிறது. புல் போன இடத்தில் உண்ணி ஏறும்.

முன்பு எருவுக்காகவும் மாட்டைக் காட்டில் வைத்தார்கள். பட்டி எரு லாரியில் ஏறித் தோட்டங்களுக்குப் போகும், பாலைவிட அதில் வருமானம். அந்த வருமானம் போனால் பட்டிக்காரர் மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போவார். காட்டுக்குள் கண் வைத்திருந்த ஆள் ஒருவர் குறைவார். தடை போட்டவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இது என் வருத்தம்.

தமிழ்நாட்டில் இன்னொரு தாமதமும் சேர்ந்தது. 2006ன் வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பதற்கு 2008ல் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது, 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு வருடம் கைக்கு எதுவும் வரவில்லை. காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கு உரிமை தரும் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

29 மார்ச்

தீயைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். 'காடு எரியுதுங்க' என்றால் பயனில்லை. புகை வெள்ளையா, கறுப்பா, மஞ்சள் கலந்ததா (வெள்ளை என்றால் ஈரச்சருகு, கறுத்தால் உண்ணியோ டயரோ). எந்த ஊர், எந்தக் கரடு, சரிவின் அடியிலா நடுவிலா. காற்று எந்தப் பக்கம். தீ புல் உயரமா, மரத்தில் ஏறிவிட்டதா. வண்டி எதுவரை வரும், தண்ணீர் எங்கே. ரேஞ்ச் ஆபீஸ் எண்ணைப் பனிக்காலத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம்.

19 ஏப்ரல்

கோடை மழை இரண்டு முறை இறங்கினால் எரிந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். கருப்புத் தரையில் முதலில் வருவது புல் குருத்து. அடுத்த இரண்டு வாரத்தில் ஜோடி ஜோடியாகச் சொரசொர இலையோடு உண்ணிக்கன்று வரும். பறவை உட்காரும் மரத்தடியில் அதிகம். இலையைக் கசக்கினால் வாசம் காட்டிக்கொடுக்கும். அந்த உயரத்தில் இரண்டு விரலால் வேரோடு வரும், ஒரு ஆள் காலையில் ஒரு மரத்தடியை முடித்துவிடலாம். ஆவணி தாண்டினால் முள் தடித்துவிடும், கையுறை வேண்டும். அடுத்த தைக்குக் கடப்பாரை வேண்டும். தீக்காப்பாளர்களை ஏப்ரலோடு அனுப்பிவிடாமல் ஜூன்வரை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.